துபாய்க்கு முதல் தடவை போகிறீர்களா? பெட்டி கட்டும்போதே பார்க்க வேண்டியவை

துபாய் போகிறேன் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் சொல்லும் எச்சரிக்கை இரண்டுதான்: குடித்துவிட்டுத் தெருவில் நிற்காதே, உடுப்பைப் பார்த்துக்கொள். இரண்டும் சரியான பேச்சுதான். ஆனால் மாத்திரை டப்பாவையும் அம்மா கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தையும் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, எனக்குப் பெரிய கவலையே அதில்தான். வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: சாமான்களைப் பிரித்துப் பாருங்கள்

முதலில் கசகசா. நம் ஊர் மளிகைக் கடையில் பொட்டலம் போட்டு விற்கிறார்கள், குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிறோம், யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தெரியாது. ஆனால் அது அபின் செடியின் விதை, ஐக்கிய அரபு அமீரகத்தில் அதைக் கொண்டுபோவது போதைப்பொருள் விவகாரம். "சமையலுக்குத்தான் சார்" என்று சுங்கத்தில் சொல்லித் தப்பிக்க முடியாது. தனியாக எடுத்து வைத்தால் போதாது, வீட்டில் அரைத்த குருமாப் பொடி, கறிமசாலா எல்லாவற்றிலும் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று அரைத்தவரிடமே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் விட்டுவிட்டுப் போங்கள், மசாலா அங்கேயே எல்லாக் கடையிலும் கிடைக்கும். வெற்றிலை பாக்கும் வேண்டாம், விசேஷத்துக்குப் போகிறோம், தாம்பூலம் கொடுக்க வேண்டும் என்றாலும் கொண்டுபோகாதீர்கள், பான் வகைகளோடு வெற்றிலையும் தடைப் பட்டியலில் இருக்கிறது.

படி 2: மருந்து

இதற்குக் கொஞ்சம் முன்னாடியே உட்கார வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் வலி மாத்திரை, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற அல்பிரசோலம், நரம்பு வலிக்கு எழுதித் தருகிற பிரீகாபலின், இதெல்லாம் அங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். பயணத்துக்கு முன்பே அந்நாட்டு அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்கிவிட வேண்டும், டாக்டர் சீட்டும் மருத்துவ அறிக்கையும் கேட்பார்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை, ஆனாலும் அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல் அப்படியே, சீட்டோடு எடுத்துப் போங்கள். வயதான அப்பா அம்மாவை மகனோ மகளோ கூப்பிடும்போது இந்த வேலையை முழுசாகப் பிள்ளைகளே செய்துகொடுக்க வேண்டும், அவர்களுக்கு மருந்துப் பெயரே சரியாகத் தெரியாது. அப்புறம், யாராவது "எங்க அண்ணனுக்கு இதைக் குடுத்துடுங்க" என்று ஒட்டிய பார்சலை நீட்டினால் வாங்காதீர்கள். சங்கடமாக இருந்தாலும் சரி.

படி 3: போன்

வாட்ஸ்அப்பில் பேச முயன்றால் கால் இணையாது, மெசேஜ் மட்டும் போகும். பேசுவதற்கு போட்டிம் மாதிரி அனுமதி பெற்ற செயலியை வீட்டில் இருப்பவர்கள் போனிலும் முன்பே ஏற்றிவிடுங்கள்.

முக்கியமானது இனிமேல்தான். 2021-ல் கொண்டுவந்த இணையக் குற்றச் சட்டத்தின்படி, ஒருவரைத் திட்டி மெசேஜ் அனுப்பினாலே சிறை, அல்லது 2,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டும் விழலாம். குடும்பச் சண்டை, சீட்டுப் பணத் தகராறு, எதுவானாலும் அங்கே இருக்கும்வரை எழுத்தில் வேண்டாம், வாய்ஸ் மெசேஜிலும் வேண்டாம். முன்பின் தெரியாதவர்களை, குறிப்பாகப் பெண்களையும் குடும்பங்களையும், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஊரில் யாருக்கோ ஆபரேஷன், உதவுங்கள் என்று குழுவில் பணம் திரட்டுவதும் அங்கே அனுமதி இல்லாமல் செய்யக்கூடாத காரியம், நல்ல எண்ணத்தில் செய்தாலும் சட்டம் அதைத் தனியாகப் பார்ப்பதில்லை.

படி 4: வெளியே போகும்போது

மெட்ரோவுக்குள் எதுவும் சாப்பிடக்கூடாது, சூயிங்கம் கூட, அபராதம் 100 திர்ஹாம். பெண்கள், குழந்தைகளுக்கான பெட்டியில் ஆண்கள் ஏறினாலும் அதே 100. கண்ட இடத்தில் சாலையைக் கடந்தால் 400 திர்ஹாம், வண்டிகள் வேகமாகப் போகும் பெரிய சாலை என்றால் தண்டனை இன்னும் கடுமை. கணவன் மனைவி கைகோத்து நடக்கலாம், அதற்கு மேல் பொது இடத்தில் வேண்டாம். அறிமுகமில்லாத பெண்ணிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள், அவர் நீட்டினால் கொடுங்கள்.

அபுதாபியின் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலுக்குப் போகிறீர்கள் என்றால் பெண்கள் தலையை மூடி, கை கால் முழுதும் மறையும்படி, உடம்பை ஒட்டாத துணி போட வேண்டும். ஆண்களுக்கும் அரைக்கால் சட்டை ஆகாது. ரமலானில் உணவகங்கள் பகலிலும் திறந்திருக்கும், உள்ளே உட்கார்ந்து சாப்பிடுங்கள். நோன்பிருப்பவர் முன்னால் தெருவில் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் இருப்பது மரியாதை.

படி 5: ஷார்ஜாவில் தங்குகிறவர்களுக்கு

ஷார்ஜா துபாயை ஒட்டியே இருந்தாலும் தனிச் சட்டம் உள்ள இன்னொரு அமீரகம். வாடகை குறைவு என்பதால் நம்மவர்களில் நிறையப் பேர் அங்கே குடியிருக்கிறார்கள், அதனால் நீங்கள் தங்குவதும் அங்கேயாக இருக்கலாம். துபாயில் 21 வயது ஆனவர்கள் உரிமம் பெற்ற இடத்தில் குடிக்கலாம். ஷார்ஜாவில் மது விற்பனையே கிடையாது. துபாயில் வாங்கிய பாட்டிலைக் காரில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள், நடுவில் எல்லைக்கோடு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

படி 6: ஏதாவது சிக்கல் வந்தால்

போலீஸ் எண் 999. குரலை உயர்த்தாமல் பேசுங்கள், விரலைக் காட்டித் திட்டினால் அதுவே இன்னொரு வழக்காகிவிடும். பாஸ்போர்ட், விசா நகல்களைப் போனில் மட்டும் வைக்காமல் உறவினரிடமும் கொடுத்து வையுங்கள். காவல் நிலையத்தில் அறிக்கை அரபியில் எழுதப்படும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.