படப் புத்தகம் பரிந்துரைப்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள் என்று யாரேனும் கேட்டால், கேட்கப்பட்டவர் நூலகராக இருந்தாலும், ஆசிரியராக இருந்தாலும், புத்தகக் கண்காட்சியில் கடை போட்டிருப்பவராக இருந்தாலும், உடனே ஒரு தலைப்பைச் சொல்லிவிடுகிறார். பரிந்துரையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த அவசரத்தில்தான் தொடங்குகின்றன. படப் புத்தகத்தை அந்த வயதுக் குழந்தை தானாக வாசிக்கப் போவதில்லை. பெரியவர் ஒருவர் உரக்க வாசிக்க, குழந்தை படத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கப் போகிறது. ஆகவே சொல்லப்படும் புத்தகம் குழந்தைக்குப் பொருந்துவதோடு, வாசிக்கப்போகும் பெரியவருக்கும் பொருந்த வேண்டும். குழந்தையின் வயதைத் தவறாமல் விசாரிப்பவர்கள்கூட, வாசிக்கப்போவது யார் என்று கேட்பதில்லை.

காவிரிப் படுகையில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், பதிப்பகங்கள் மனத்தில் வைத்திருக்கும் வீட்டோடு பல நேரம் ஒத்துப்போவதில்லை. திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கங்களில் தந்தை சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருக்க, தாய் வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் குழந்தையோடு இருப்பவர் அப்பாயியோ அம்மாச்சியோதான் என்னும் வீடுகள் ஏராளம். அந்த அப்பாயி ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவராக இருக்கலாம். கண்ணாடி போட்டாலும் சிறிய எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடாமல் போகலாம். ஆனால் கதை சொல்வதில் பரிந்துரைப்பவரைவிட வல்லவராக இருக்கவும் கூடும். பக்கத்துக்குப் பத்து வரி உரைநடை உள்ள புத்தகத்தை அவரிடம் கொடுத்தால் அது அலமாரியிலேயே கிடக்கும். பக்கத்துக்கு ஒரு வரி மட்டும் பெரிய எழுத்தில் உள்ள புத்தகத்தையோ, எழுத்தே இல்லாமல் படங்களாலேயே கதை நகரும் புத்தகத்தையோ கொடுத்தால், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். எழுத்தில்லாப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ‘இதில் படிக்க என்ன இருக்கிறது, இதற்கா இவ்வளவு விலை’ என்று பெற்றோர் கேட்பதும், அதற்கு அஞ்சி விற்பவரே அதை எடுத்துக் காட்டத் தயங்குவதும், இந்த வட்டாரத்துக்கு மிகவும் பொருந்தக்கூடிய ஒரு வகையைக் கண்ணில் படாமலே ஆக்கிவிடுகின்றன.

வாசிக்கும் நேரமும் அப்படித்தான். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், வயல் வேலைக்குப் போய்வரும் தாய்க்கு இரவில் அரை மணி நேரம் கதை வாசிக்கத் தெம்பு இருக்காது. அவரிடம் ஐந்து நிமிடத்தில் முடியும் புத்தகத்தைச் சொல்வதே முறை. வெளிநாட்டிலிருந்து கைப்பேசியின் வீடியோ அழைப்பில் வாசிக்க விரும்பும் தந்தைக்கோ, அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு பிரதிகள் வாங்கச் சொல்ல வேண்டும். கேமராவுக்கு முன்னால் பிடிக்கப்படும் படம் குழந்தைக்குப் பாதிதான் தெரியும், பக்கத்தைத் தானே திருப்பும் இன்பமும் அதற்குக் கிடைக்காது.

பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் வயதை அப்படியே நம்புவது அடுத்த தவறு. கதை கேட்டுப் பழகிய மூன்று வயதுக் குழந்தை, வழக்கமான 32 பக்கப் படப் புத்தகம் முழுவதையும் அசையாமல் கேட்கும். பழகாத ஐந்து வயதுக் குழந்தை பாதியில் எழுந்து போய்விடும். மறுபுறம், பேச்சே வராத குழந்தைக்குப் புத்தகம் எதற்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2014-இலேயே, கைக்குழந்தைப் பருவம் தொட்டு உரக்க வாசிக்குமாறு பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தன் மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தது. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளவையே ஓரளவு தெளிவாகத் தெரியும் என்பதால், அந்தப் பருவத்தில் கதையைவிட அழுத்தமான பெரிய உருவங்களும் முகங்களும், வாயில் வைத்தாலும் கிழியாத தடித்த அட்டைப் பக்கங்களுமே தேவை. என்ன வாசிக்கிறோம் என்பது அப்போது பொருட்டே அல்ல. வாசிப்பவரின் குரல் போதும்.

தமிழில் படப் புத்தகம் பரிந்துரைப்பவர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் மொழிநடையாகும். வீட்டில் ‘வந்துச்சு’, ‘போயிட்டாங்க’ என்று கேட்டு வளரும் குழந்தைக்கு, புத்தகம் ‘வந்தது’, ‘சென்றுவிட்டனர்’ என்று பேசுகிறது. இதில் எதிரெதிரான இரண்டு தவறுகள் நடக்கின்றன. உரையாடலில் பேச்சுத் தமிழ் இருந்தாலே கொச்சை என்று புத்தகத்தைத் தள்ளிவிடுவோர் ஒரு பக்கம். எழுத்துத் தமிழ் குழந்தைக்குப் புரியாது என்று எல்லாவற்றையும் பேச்சு நடையிலேயே தேடுவோர் இன்னொரு பக்கம். கதையை எளிய எழுத்துத் தமிழிலும், மாந்தர் பேசுவதைப் பேச்சுத் தமிழிலும் எழுதிய புத்தகமே உரக்க வாசிக்க ஏற்றது என்பது என் கருத்து. பள்ளியில் பின்னர் சந்திக்கப்போகும் நடை, குழந்தையின் காதில் அதற்கு முன்பே பதிந்துவிடுவது நல்லதுதான். வாசிக்கும்போதே ‘சென்றது’ என்பதைப் ‘போச்சு’ என்று அப்பாயி மாற்றிச் சொன்னால் அதைத் திருத்தவும் வேண்டியதில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறவர் அப்படித்தான் செய்வார்.

உண்மையில் பார்த்து விலக்க வேண்டியவை, மொழிபெயர்ப்பில் உலர்ந்துபோன வாக்கியங்கள். சிறுமி என்று ஒரு முறை சொன்ன பிறகும் ஒவ்வொரு வரியிலும் ‘அவள் தனது’, ‘அவள் அவளுடைய’ என்று தொடர்வதும், பறிக்கப்பட்டது, வைக்கப்பட்டது என்று யாரும் பேசாத முறையில் வினைகள் வருவதும், மழை பெய்தது என்று மட்டும் சொல்லி, சடசட என்றோ சோவென்றோ ஓர் ஓசையும் இல்லாமல் நகர்ந்துவிடுவதும் அதன் அடையாளங்கள். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நடுவிலிருந்து இரண்டு பக்கங்களைத் தாமே வாய்விட்டு வாசித்துப் பார்க்காமல் எந்தப் புத்தகத்தையும் பரிந்துரைக்கக் கூடாது. வாசிப்பவரின் நாக்கு தடுக்கும் இடத்தில்தான் குழந்தையின் கவனமும் தடுக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம், கேட்பதற்கான புத்தகத்தையும் தானே வாசிப்பதற்கான புத்தகத்தையும் ஒன்றாக எண்ணுவது. ‘ஓடிக்கொண்டிருந்தபோது’ என்பது கேட்கும் காதுக்கு எளிது. ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கும் இரண்டாம் வகுப்புக் குழந்தை அந்தச் சொல்லின் கடைசி எழுத்தை அடையும்போது முதல் எழுத்தை மறந்திருக்கும். தானே வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்குச் சிறிய சொற்களும், திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்களும், நிறைய இடைவெளி விட்ட பெரிய எழுத்தும் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருப்பதும், பிரதம் புக்ஸ் தன் புத்தகங்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை நிலை குறிப்பதும், குழந்தையின் வாசிப்புத் திறனை வைத்துத்தான். முதல் நிலை என்பதால் மிகச் சிறிய குழந்தைக்கு உரியது என்று கருதி அதை மடியில் வைத்து வாசித்தால், பக்கத்துக்கு நான்கு சொற்களில் கதை தீர்ந்துபோய்க் குழந்தை ஏமாந்துவிடும். மூன்றாம் நிலைக் கதை ஒன்றை நான்கு வயதுக் குழந்தைக்குப் பெரியவர் வாசித்துக் காட்டுவதில் ஒரு தடையும் இல்லை.

‘அ’ என்றால் அணில் என்று படம் போட்ட எழுத்துப் புத்தகங்களைக் கதைப் புத்தகமாகப் பரிந்துரைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்.கே.ஜி. சேர்க்கையை நினைத்து அதைப் பெற்றோர் தாமாகவே வாங்கிவிடுவார்கள். அதற்குப் பரிந்துரை எதற்கு?

நீதி பற்றிய தவறு அவ்வளவு எளிதில் தீர்வதன்று. பொய் சொல்லும் குழந்தைக்குப் பொய் பற்றிய கதை, விரல் சூப்பும் குழந்தைக்கு விரல் சூப்புவது பற்றிய கதை என்று மருந்துச் சீட்டு எழுதுவதுபோல் புத்தகம் சொல்கிறோம். குழந்தை மூன்றாம் பக்கத்திலேயே தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் வீட்டில் எங்கே மறைகிறது என்று யாருக்கும் தெரியாது. நீதிக் கதையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கதை முடிந்த பிறகு, ‘இதிலிருந்து நாம் அறிவது’ என்று ஒரு கட்டம் போட்ட புத்தகத்தை மட்டும் தள்ளி வைக்கலாம், அல்லது அந்தப் பக்கத்தை வாசிக்காமல் விட்டுவிடலாம். அச்சமூட்டும் கதைகளை அறவே விலக்குவதும் தேவையற்றது. நரியும் பூதமும் இல்லாத கதைகளோடு எந்தக் குழந்தையும் நெடுநாள் இருப்பதில்லை. ஆயினும் நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்தில் பொங்கும் கடலையோ சூறைக்காற்றையோ பற்றிய புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையோ 2018-ஆம் ஆண்டின் கஜா புயலையோ இன்றைய மூன்று வயதுக் குழந்தை கண்டதில்லை. வாசிக்கப்போகும் பாட்டி கண்டிருப்பார்.

படங்களைத் தேர்வதில் பெரியவர்கள் தம் கண்ணுக்கு அழகானதைத் தேர்ந்துவிடுகிறார்கள். எழுத்து சொல்வதையே படமும் சொல்கிறதா, எழுத்து சொல்லாததைப் படம் சொல்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பூனையைக் காணோம் என்று எழுத்து சொல்ல, படத்தில் பூனையின் வால் மட்டும் குதிருக்குப் பின்னால் தெரியுமானால், எழுத்தறியாத குழந்தை எழுத்தறிந்த பெரியவரை முந்திக்கொண்டு ‘அங்க பாரு’ என்று சொல்லும். அத்தகைய பக்கங்கள் இரண்டு மூன்று இருந்தாலே புத்தகம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும்.

நூலகத்திலோ அங்கன்வாடியிலோ இருபது முப்பது குழந்தைகளுக்குக் கதை நேரம் நடத்துபவருக்கு, மடியில் வைத்து வாசிக்க ஏற்ற புத்தகத்தையே பரிந்துரைப்பது அடிக்கடி நடக்கிறது. உள்ளங்கை அளவுப் புத்தகத்தில் மெல்லிய கோடுகளால் வரைந்த படம் இரண்டாம் வரிசைக்கே தெரியாது. கூட்டத்துக்கு அளவு பெரியதாகவும், ஒரு பக்கத்துக்கு ஒரே பெரிய உருவமாகவும், எல்லோரும் சேர்ந்து சொல்லத்தக்க ஒரு வரி மீண்டும் மீண்டும் வருவதாகவும் இருக்க வேண்டும். நுட்பமான படங்கள் நிறைந்த நல்ல புத்தகம் கூட்டத்தில் தோற்பது அந்தப் புத்தகத்தின் குற்றமல்ல.

இந்த மண்ணின் கதைகளே வேண்டும் என்ற வற்புறுத்தலும், சிங்கப்பூரிலிருந்து வரும் பெட்டியில் உள்ளவையே உயர்ந்தவை என்ற எண்ணமும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. பனியைக் கண்டிராத கும்பகோணத்துக் குழந்தை பனிக்கதையை மகிழ்ச்சியோடு கேட்கும். யானையும் சிங்கமும் பேசுவதை நம்புகிற குழந்தைக்குப் பனி ஒரு சிக்கலே இல்லை. சிக்கல் வருவது, சொல்லாமல் விடப்பட்ட பழக்கங்களில். தனி அறையில், தனிக் கட்டிலில், விளக்கணைந்த பின் பயந்துகொண்டு படுத்திருக்கும் குழந்தையின் கதை, கூடத்தில் பாயை விரித்து எல்லோரோடும் படுத்துறங்கும் குழந்தைக்கு எதைப் பற்றியது என்றே விளங்காமல் போகலாம். அத்தகைய கதையை விலக்க வேண்டியதில்லை, வாசிப்பவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும். வயலைப் பற்றிய கதையிலோ குழந்தையே தணிக்கை அதிகாரி. காய்ந்த மண்ணில் நாற்று நடுவதாக ஓவியர் வரைந்திருந்தால், திருத்துறைப்பூண்டிக் குழந்தை கதையை விட்டுவிட்டுத் தண்ணீர் எங்கே என்றுதான் கேட்கும்.

கிடைக்காத புத்தகத்தைப் பரிந்துரைப்பது, பரிந்துரைக்காமல் இருப்பதைவிடக் கேடானது. படப் புத்தகங்கள் தீர்ந்துபோனால் மறு அச்சுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடுவதுண்டு. தலைப்பைச் சொல்லுமுன் அது கடையில் இருக்கிறதா, கிளை நூலகத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மாற்றாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1957-இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைந்தவை; சென்னையின் துலிகா பதிப்பகம் தமிழிலும், இரு மொழிகள் ஒரே பக்கத்தில் வருமாறும் படப் புத்தகங்கள் வெளியிடுகிறது; பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்களை விலையின்றிப் பதிவிறக்கலாம். ஆனால் அதைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கைகழுவிவிடக் கூடாது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தை மீறக் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. பிடித்த ஒன்றிரண்டை அச்செடுத்துத் தைத்துக் கொடுப்பது நல்லது. நூலகத்துக்கு வாங்குபவர்கள் நடுவில் பின் அடித்த புத்தகங்களைக் குறைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அந்தப் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தையே தின்றுவிடுகிறது.

புத்தகம் ஆளைத் தேடிப் போவது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்ற விதிகளை உள்ளடக்கிய அவருடைய நூல் 1931-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலகம் புறப்பட்டுக் கிராமங்களுக்குப் போனது. வண்டியோடு போனவருக்கு எந்த ஊரில் யார் எழுத்தறிந்தவர், யாருக்கு யார் வாசித்துக் காட்டுவார் என்பது தெரிந்திருந்தால்தான் அது நடந்திருக்கும்.

ஐம்பது தலைப்புகள் கொண்ட பட்டியல் கொடுப்பதைப் போலப் பயனற்றது வேறில்லை. ஒரு முறைக்கு மூன்று புத்தகங்கள் போதும். ஒரே புத்தகத்தைக் குழந்தை பத்தாம் முறையாகக் கேட்கிறது, புதிதாக ஒன்று சொல்லுங்கள் என்று பெற்றோர் வந்து நின்றால், அது குறையில்லை என்று விளக்கி அந்தப் புத்தகத்தையே மீண்டும் பதிந்து கொடுப்பது நல்லது. அடுத்த முறை வரும்போது, கதை பிடித்ததா என்று கேட்காமல், மூன்றில் எதை மறுபடியும் வாசிக்கச் சொன்னது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றுமே தொடப்படாமல் திரும்பி வந்தால், குழந்தைக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்த வீட்டில் இப்போது வாசிப்பவர் யார் என்பதை மறுபடியும் விசாரித்துவிட்டு வேறு மூன்று கொடுத்துப் பார்க்கலாம்.