மொனாக்கோவில் மழை நாள்: பலரும் செய்கிற தவறுகள்

மொனாக்கோவில் மழை அதிகம் பெய்வது இலையுதிர் காலத்தில்தான், அதிலும் குறிப்பாக அக்டோபர், நவம்பரில். கோடைக் கூட்டம் வடிந்து ஓட்டல் வாடகை இறங்குவதும் அப்போதுதான் என்பதால், முதல் முறை வருகிற நம் ஆட்கள் பலர் அந்த மழைக்குள் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். நாடே சுமார் 2 சதுர கிலோமீட்டர், கூரைக்குக் கீழே எங்கு வேண்டுமானாலும் புகுந்துகொள்ளலாம் என்று நினைத்து, திட்டம் இல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். குடை, முன்பதிவு மாதிரி எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன். திரும்பத் திரும்ப நடக்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

காசினோவை மதியத்துக்குத் தள்ளுவது

இதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம். "காசினோ ராத்திரி சமாச்சாரம்தானே, காலையில் மியூசியம் பார்த்துவிட்டு மதியம் அங்கே போகலாம்" என்று கணக்குப் போடுகிறார்கள். கேட்டால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் மான்டி கார்லோ காசினோ இயங்கும் முறையே வேறு. காலை 10 மணியிலிருந்து பகல் 1 மணி வரை அது சுற்றிப்பார்க்கும் இடம். நுழைவுச் சீட்டு வாங்கினால் யாரும் உள்ளே போகலாம். குழந்தைகளுக்கும் அனுமதி உண்டு, படமும் எடுக்கலாம். மதியம் 2 மணிக்கு மேல் அது சூதாட்டக் கூடம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அசல் அடையாள ஆவணம் கையில் இருக்க வேண்டும், உடையும் முறையாக இருக்க வேண்டும். மொனாக்கோ குடிமக்களுக்கே அங்கே விளையாட அனுமதி கிடையாது. அவ்வளவு கறாரான இடத்தில் சுற்றுலாப் பயணிக்கு விதி தளராது.

மழை நாளில் இரண்டரை மணிக்கு வாசலில் நடப்பது எப்போதும் ஒன்றுதான். அப்பா காலில் நனைந்த ஸ்போர்ட்ஸ் ஷூ. பத்து வயதுப் பையன் ஷார்ட்ஸில் நிற்கிறான். அம்மா போனில் பாஸ்போர்ட் படத்தைத் தேடி எடுத்து நீட்டுகிறார். அசல், பக்கத்து பிரெஞ்சு நகரமான நீஸில் ஓட்டல் லாக்கரில் பத்திரமாக இருக்கிறது. வாசலில் இருப்பவர் மரியாதையாகத் தலையசைத்து அனுப்பிவிடுகிறார். நாலு பேரும் முகப்பு மண்டபத்து ஓனிக்ஸ் தூண்களைப் பார்த்துவிட்டு மறுபடி மழையில் இறங்குகிறார்கள். ஒரு நாள் பயணமாக ரயிலில் வந்தவர்களுக்கு மறுநாள் காலை என்று ஒன்று கிடையாது. இதைத் தடுக்க வேண்டியதெல்லாம் காலை நிகழ்ச்சியை மதியத்துக்கும் மதியத்தை காலைக்கும் மாற்றிப் போடுவதுதான் என்பதால், ஒவ்வொரு முறையும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இன்னொரு வகையினர் உள்ளே போகத் தகுதியுள்ளவர்கள். "மழை விடும் வரை கொஞ்சம் ஆடுவோம்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். மழை எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது, மேசையில் நேரம் போவதும் தெரியாது. பொழுதைக் கழிக்க இதைவிடச் செலவு பிடித்த வழி அந்த ஊரில் இல்லை. ஆட வேண்டும் என்று முடிவு செய்து, தொகையை ஒதுக்கிவிட்டு வருவது வேறு விஷயம்.

ஆகவே பத்து மணிக்கே போய்விடுங்கள். பன்னிரண்டைத் தாண்டிப் போனால் அவசர அவசரமாக ஓட வேண்டியிருக்கும். உள்ளே போனதும் கழுத்தை நிமிர்த்தி மேலே பாருங்கள். ஸாலோன் ரோஸ் அறையின் கூரை ஓவியத்தில் பெண்கள் சுருட்டுப் புகைத்தபடி இருப்பார்கள். ஒரு காலத்தில் அது புகை பிடிப்பதற்கான அறை. மேசையையே பார்த்துக்கொண்டு நடப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அதே கட்டடத்தில் 1879இல் திறந்த ஓபரா அரங்கம், பாரிஸ் ஓபராவைக் கட்டிய ஷார்ல் கார்னியே வடிவமைத்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் நிகழ்ச்சிக்குத்தான் சீட்டு வாங்க வேண்டும். மழைக்கால மாதங்களில் நிகழ்ச்சிகள் உண்டு என்பதால் ஊரில் இரவு தங்குபவர்கள் அட்டவணையைப் பார்த்துவிடுவது நல்லது.

கார் கண்காட்சிக்குப் பழைய முகவரியில் போய் நிற்பது

மொனாக்கோ இளவரசரின் கார் சேகரிப்பு 1993இலிருந்து ஃபோன்வியே பகுதியில் இருந்தது. 2022இல் எர்க்யூல் துறைமுகத்தை ஒட்டிய புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பினால் அரண்மனை இருக்கும் பாறைக்குன்றின் மறுபக்கத்தில் மழையில் நிற்பீர்கள். காசினோ முடிந்ததும் 1 அல்லது 2ஆம் எண் பேருந்தில் பிளாஸ் தார்ம் சதுக்கத்தில் இறங்குங்கள். அங்கேயே கொந்தமீன் சந்தையின் கூரையுள்ள கூடத்தில் சாப்பிட்டுவிடலாம். பார்பாஜுவான் என்று கேளுங்கள்: கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துப் பொரித்த சிறு பண்டம். முட்டை சேர்ப்பதுண்டு, சைவம் சாப்பிடுபவர்கள் விசாரித்துவிட்டு வாங்குங்கள். அங்கிருந்து கார் கண்காட்சி நடந்து போகும் தூரம்தான்.

கடலியல் அருங்காட்சியகத்தில் நேராகக் கீழே இறங்குவது

மழை பெய்தால் ஊரே இங்கேதான் வரும், வந்தவர்கள் அத்தனை பேரும் முதலில் கீழ்த்தளத்து மீன் தொட்டிகளுக்குத்தான் போவார்கள். 4,50,000 லிட்டர் கொள்ளும் சுறாத் தொட்டி முன்னால் குழந்தைகள் மூன்று வரிசையாக நிற்க, பின்னால் இருப்பவருக்குத் தலைகள் மட்டுமே தெரியும். முதலில் மேலே ஏறுங்கள். திமிங்கல எலும்புக்கூடு தொங்கும் கூடத்தையும், 1910இல் இதைத் திறந்து வைத்த முதலாம் ஆல்பர்ட் இளவரசரின் கடற்பயணப் பொருள்களையும் நிதானமாகப் பாருங்கள். கீழே கூட்டம் மெலிவது மாலையில். அக்டோபர் முதல் மார்ச் வரை 6 மணிக்கு மூடிவிடுவார்கள். எனவே மூன்று மணிக்குள் உள்ளே இருந்தால் இரண்டையும் பார்த்துவிடலாம். பெஷேர் கார் நிறுத்தத்திலிருந்து மின்தூக்கியில் வந்தால் கிட்டத்தட்ட வாசல் வரை நனையாமல் ஏறலாம். செங்குத்தான கல்பாதை மழையில் வழுக்கும்.

அரண்மனை

அக்டோபர் நடுவில் மூடினால் அடுத்த வசந்தத்தில்தான் உள்ளே விடுவார்கள்.

நவம்பர் 19

தேசிய நாள். அன்று பல இடங்கள் மூடியிருக்கும்.

ரயில் நிலையத்தில் கண்ணில் பட்ட முதல் வாசலில் வெளியேறுவது

1999இலிருந்து ரயில் நிலையம் மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் இருக்கிறது. வெளியேறும் வழிகள் பல, ஒவ்வொன்றும் ஊரின் வேறொரு மட்டத்தில் போய் முடியும். துறைமுகம், கொந்தமீன் பக்கம் போக சாந்த் தெவோத் என்ற பலகையைப் பின்தொடருங்கள். காசினோவுக்குப் போக உள்வழி நடைபாதை நீளமானது, ஆனால் நனையாது. தெருவில் ஏறிவிட்டால் ஊர் படிக்கட்டாகத்தான் இருக்கும், பொது மின்தூக்கிகள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அவை இலவசம்; நகர வரைபடத்தில் குறித்திருப்பார்கள்.

வில்லா பலோமா, வில்லா சோபேர்

இரண்டும் தேசிய அருங்காட்சியகத்தின் கிளைகள், ஊரின் இரு கோடிகளில். ஞாயிறு இலவசம். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை மூடி வைப்பார்கள், அதனால் கிளம்பும் முன் பார்த்துவிட்டுப் போங்கள்.

மழை வந்ததும் நீஸுக்கு ஓடுவது

ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது, நல்ல யோசனைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை வேண்டாம். ஓவியர்கள் மத்தீஸ், ஷாகால் பெயரிலுள்ள இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் அன்று விடுமுறை.