செட்டிநாட்டு வறட்சியைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை வெயிலில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்த பிறகு கணக்கெடுக்கக் கிளம்புவதுதான் முதல் தவறு. நம்முடையது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கைவிட்டால் வறட்சி அப்போதே ஆரம்பம். 2016-இல் அந்த மழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. 2017 பொங்கலுக்கு முன்பே மாநிலம் வறட்சியால் பாதிக்கப்பட்டதாக அரசு அறிவித்துவிட்டது.

மொத்த மில்லிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். மழை 19 சதவீதம் வரை குறைந்தாலும் வானிலைத் துறைக் கணக்கில் அது 'இயல்பு'தான். ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்துவிட்டு அப்புறம் ஒரு மாதம் எட்டிப் பார்க்காவிட்டாலும் தாளில் இயல்பு என்றே வரும், வயலிலோ பால் பிடிக்க வேண்டிய நெல் பதராகி நிற்கும். 2.5 மி.மீ.க்குக் குறையாமல் பெய்ததுதான் மழை நாள். அப்படி எத்தனை நாள், நடுவில் எத்தனை நாள் மழையில்லாமல் காய்ந்தது என்று எழுதி வையுங்கள். மாவட்டச் சராசரியும் ஏமாற்றும், காரைக்குடியில் வெளுத்து வாங்குகிற அன்று தேவகோட்டையில் தூறல்கூட இருக்காது.

இந்தப் பக்கத்தில் ரொம்பவே ஏமாற்றுவது செயற்கைக்கோள் படம். தாவரப் பசுமையை அளக்கும் குறியீட்டில் பச்சை தெரிந்தால் பயிர் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். போய்ப் பாருங்கள், கண்மாய் உள்வாயில், தரிசில், வரத்துக்கால் கரையில் எல்லாம் சீமைக் கருவேலம்தான்! ஆழமாக வேர் விட்டிருக்கும் அது, நெல் கருகிய வருடத்திலும் பச்சையாகவே நிற்கும். தைலமரக் காடும் அப்படியே. அதனால் கருவேலமும் தைலமரமும் இருக்கும் இடங்களை முதலில் படத்திலிருந்து கழித்துவிட்டு, மிச்சமுள்ள வயலை மட்டும் முந்தைய வருடங்களின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

கண்மாயில் தண்ணீர் பரந்து கிடக்கிறதே என்றும் நிம்மதியாகிவிட வேண்டாம். மண் மேடிட்ட கண்மாயில் முழங்கால் தண்ணீர்கூடப் படத்தில் கடலாகத் தெரியும். மடையருகே ஆழம் பார்க்க வேண்டும்.

கிணற்று மட்டத்தை மோட்டார் ஓடி முடித்த கையோடு அளப்பதும் வீண் வேலை, ஊறுவதற்கு அவகாசம் வேண்டாமா? காலையில் மோட்டார் போடும் முன், கைப்பிடிச் சுவரில் பெயிண்டால் ஓர் அடையாளம் வைத்து, எப்போதும் அங்கிருந்தே கயிறு இறக்கி அளங்கள்.