கூட்ஸ் வேகன் மாடலுக்கு வெதரிங்: வடசென்னைக் காற்றுக்கு ஏற்ற செய்முறை

எச்.ஓ. அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) கூட்ஸ் வேகன் மாடல் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தால் பளபளவென்று இருக்கும். கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டை யார்டிலும் அப்படி ஒரு வேகனைப் பார்ப்பது அபூர்வம். அந்தப் பளபளப்பைக் குறைத்து, வெயில் மழையில் ஓடின வண்டியாக மாற்றுவதுதான் வெதரிங். இதற்கு வெளிநாட்டு வீடியோக்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் அவர்கள் செய்வதை நம் கடலோரக் காற்றில் அப்படியே செய்தால், வார்னிஷ் அடிக்கும் இடத்தில் சிக்கும். ராயபுரத்து மொட்டை மாடியில் எனக்குச் சரிப்பட்டு வந்த முறையை எழுதுகிறேன்.

முதலில் நிஜ வேகனைப் பாருங்கள்

கையில் தூரிகை எடுப்பதற்கு முன், இந்த வேகன் எதை ஏற்றுகிறது என்று முடிவு செய்யுங்கள். அழுக்கு எங்கிருந்து வருகிறது என்பது அதில்தான் இருக்கிறது. எல்லா வேகனுக்கும் ஒரே பழுப்பைப் பூசினால் எதுவும் நிஜமாகத் தெரியாது.

நிலக்கரி ஏற்றும், மேலே திறந்த பாக்ஸ்-என் வேகனில் உள்பக்கம் பெயின்ட்டே இருக்காது. கரி உரசி உரசி இரும்பு வெளியே வந்து துருப் பிடித்திருக்கும், மூலைகளில் கறுப்புத் தூள் தங்கியிருக்கும். மேல் விளிம்பு இயந்திரம் இடித்து அங்கங்கே நெளிந்திருக்கும். சிமென்ட் ஏற்றும் மூடு வேகனில் கூரையில் சாம்பல் நிறத் தூள் படிந்து, மழையில் கரைந்து பக்கவாட்டில் வெள்ளைக் கோடாக இறங்கும். எண்ணெய் டேங்கரில் மேல் மூடியிலிருந்து கீழே வழிந்த கறை இருக்கும், அது மட்டும் ஈரம் போல மினுங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. பணிமனையில் பராமரிப்பு முடிந்ததும் தேதியை ஸ்டென்சிலில் எழுத, வேகனின் பக்கவாட்டில் ஒரு சின்ன கட்டத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். சுற்றிலும் வெளுத்துப்போன பழுப்பு, நடுவில் அந்தக் கட்டம் மட்டும் அடர் நிறம், அதில் வெள்ளை எழுத்து. இந்த ஒன்றைச் செய்துவிட்டாலே பார்ப்பவர்கள் நின்று பார்ப்பார்கள்.

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்பட்ட காலத்தில், ராயபுரத்தில் காயப்போட்ட துணியிலேயே கரித்தூளின் நிறம் தெரியும். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அந்த நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது. இப்போது கரி வேகன் பார்க்க வேண்டுமென்றால் அத்திப்பட்டு, எண்ணூர் நிலையங்களின் நடைமேடையில் நின்றாலே போதும். படம் எடுக்கிறேன் என்று தண்டவாளத்தில் இறங்கிவிடாதீர்கள்.

என்ன வாங்க வேண்டும்

கேம்லின் அக்ரிலிக் பெயின்ட்டில் பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), வெள்ளை, கறுப்பு. தட்டைத் தூரிகை ஒன்று, பழைய மென்மையான தூரிகை ஒன்று. மாட் கிளியர் ஸ்ப்ரே, அதாவது பளபளப்பில்லாத, நிறமில்லாத வார்னிஷ். அப்புறம் சாஃப்ட் பாஸ்டல் என்ற, சாக்பீஸ் மாதிரியான வண்ணக் குச்சி. ஆயில் பாஸ்டலைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது தூளாகாது. பாரிமுனைப் பக்கம் ஸ்டேஷனரிக் கடைகளில் எல்லாமே கிடைக்கும். வெதரிங் பவுடர் என்று தனியாக விற்கும் டப்பாக்களுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பாஸ்டலை உப்புத்தாளில் தேய்த்தால் வருகிற தூளே போதும். காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷும் முதல் சில வேகன்களுக்கு வேண்டாம். கையில் தூரிகை இருந்தால்தான் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று புரியும்.

கழுவி, கழற்றி, மறைத்து

பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். சக்கரங்களைக் கழற்றி வையுங்கள். வேகன்களை இணைக்கும் கப்ளரை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். ஸ்ப்ரே உள்ளே போனால் கொக்கி இறுகிவிடும்.

மாட் ஸ்ப்ரே: இங்கேதான் கவனம்

பிளாஸ்டிக்கின் மினுமினுப்பு போகவும், தூள் ஒட்டுவதற்குச் சொரசொரப்பு கிடைக்கவும் முதலில் ஒரு மாட் பூச்சு வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் பிரச்சினை வருவது இங்கேதான். அடித்த சில நிமிடங்களில் வேகன் முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெளுத்துவிடும்.

காரணம் எளிது. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்த ஈரம் குளிர்ந்த பரப்பில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். ஸ்ப்ரேயைக் குறை சொல்லிப் பயனில்லை, நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

விடியற்காலையில் அடிக்காதீர்கள், அப்போதுதான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். மாலையில் கடற்காற்று வீசும்போதும் வேண்டாம். காலை பத்து, பதினொரு மணிக்கு மேல், வெயில் ஏறி, கடற்காற்று திரும்புவதற்கு முன்னால் கிடைக்கும் இடைவெளிதான் சரியான நேரம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்த வேலையையே ஒத்திவையுங்கள், அந்த மாதங்களில் தூரிகை வேலை மட்டும் செய்யலாம். ஏ.சி. அறையில் இருந்த வேகனையோ டப்பாவையோ நேராக வெளியே கொண்டுவந்து அடிப்பதும் கூடாது. இரண்டும் வெளி வெப்பத்துக்கு வரட்டும். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைக்கலாம், அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு சாண் தூரத்துக்குச் சற்று அதிகமாகப் பிடித்து, வேகனுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கடந்து போய் வெளியே விடுங்கள். மெல்லிய பூச்சாக இரண்டு முறை. வெளுத்துவிட்டாலும் பதற வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். காற்றில் ஈரம் குறைந்த நாளில் அதே ஸ்ப்ரேயை மெல்லிசாக ஒரு முறை அடித்தால் பூச்சு மறுபடி இளகி, பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வெளுப்பு, அழுக்கு, துரு

வேகனின் நிறத்தோடு வெள்ளை கலந்து, தண்ணீரில் நன்றாகக் கரைத்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் பூசுங்கள். காய்ந்தபின் இன்னொரு முறை. மேலே சொன்ன தேதிக் கட்டத்தை இதற்கு முன்பே டேப்பால் மூடிவிடுங்கள், அது வெளுக்கக் கூடாது.

அடுத்தது பர்ன்ட் அம்பரும் கொஞ்சம் கறுப்பும் கலந்த நீர்த்த கலவை. பலர் இதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. மாட் பூச்சின் மேல் ஆல்கஹால் பட்டால் அதுவும் வெளுக்கும், சில மாடல்களில் அச்சான எழுத்தும் அழியும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டால் கலவை முத்து முத்தாக நிற்காமல் இடுக்குகளில் ஓடும். பக்கவாட்டில் புடைத்து நிற்கும் பட்டைகளின் (ரிப்) அடியில் தங்கட்டும், நடுவில் தங்கினதை ஈரத் தூரிகையால் கீழ்நோக்கி இழுத்துவிடுங்கள்.

துருவுக்கு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் சின்னத் துண்டைப் பர்ன்ட் அம்பரில் தொட்டு, பழைய காகிதத்தில் ஒற்றி, பாதிக்கு மேல் போனபின் வேகனில் தொடுங்கள். அளவு முக்கியம். எச்.ஓ. என்பது 1:87. மாடலில் 1 மி.மீ. புள்ளி நிஜத்தில் கிட்டத்தட்ட 9 செ.மீ. துரு. ஆகவே விளிம்பிலும் கதவு மூலையிலும் பொடிப்பொடியாக மட்டும். சில புள்ளிகளின் நடுவில் பர்ன்ட் சியன்னா, அதிலிருந்து கீழே மெல்லிய கோடு.

தூளும் சக்கரமும்

கரி வேகனுக்குக் கறுப்புப் பாஸ்டல் தூளோடு பழுப்பையும் கலந்துகொள்ளுங்கள். தனிக் கறுப்பு மாடலில் ஓட்டை போலத் தெரியும். சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களான போகிகளுக்குப் பழுப்புத் தூள்தான், பிரேக் கட்டை தேய்ந்து படியும் நிறம் அது. சக்கரத்தின் முகத்துக்குத் துரு நிறம் அடியுங்கள். தண்டவாளத்தில் உருளும் பரப்பையும் அச்சின் கூர்முனையையும் தொடவே கூடாது. நிஜ வண்டியிலும் அந்தப் பரப்பு வெள்ளி போல மின்னும்.

கடைசியாக ஒரு மாட் பூச்சு, அதே முற்பகல் விதிகளோடு.

பின்சேர்க்கை: கடைசி ஸ்ப்ரேக்குப் பிறகு தூள் காணாமல் போய்விட்டது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். போகத்தான் செய்யும், பூச்சு தூளை நனைத்து நிறத்தை மங்கச் செய்துவிடும். கண்ணுக்கு அதிகம் என்று தோன்றும் அளவுக்குத் தூள் போட்டுவிட்டு அடியுங்கள். இல்லையென்றால், கை படாத கூரையிலும் உள்பக்கத்திலும் பூச்சுக்குப் பின் தூவி அப்படியே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: டேங்கரின் எண்ணெய்க் கறை மாட் பூச்சில் மங்கிவிடுகிறது என்று ஒருவர் கேட்டார். கறையை எல்லாவற்றுக்கும் கடைசியில், மாட் அடித்து மறுநாள் போடுங்கள். கறுப்பும் பர்ன்ட் அம்பரும் கலந்து, அதில் பளபளப்பு தரும் கிளாஸ் (gloss) வார்னிஷ் ஒரு சொட்டு. மூடியில் தொடங்கி, கீழே போகப்போகக் கோடு மெலியட்டும்.