கப்பல் பயணமும் யூனிவர்சல் ஸ்டுடியோஸும்: திருச்சியிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு நாள் பிரிக்கும் முறை

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்துக்காரர்களுக்குச் சிங்கப்பூர்தான் தோது. திருச்சியில் ஏறினால் நேரே போய் இறங்கலாம். சுற்றுலாக் கப்பலும், யூனிவர்சல் ஸ்டுடியோஸ் தீம் பார்க்கும் ஒரே ஊரில் இருக்கின்றன. டிக்கெட், ஓட்டல் போடுவதெல்லாம் தெரிந்ததுதான், விட்டுவிடுவோம்.

1. மே மாதத்தின் முதல் மூன்று வாரத்துக்குள் கிளம்புங்கள். நம் பிள்ளைகளுக்கு லீவு, அங்கே பள்ளி நடந்துகொண்டிருக்கும். ஜூனில் அவர்களுக்கும் லீவு வந்தால் பார்க்கில் நெரிசல்தான். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை வேலை என்று வீட்டுப் பெரியவர்களும் அதற்குப் பிறகு நகரமாட்டார்கள்.

2. முதலில் கப்பல் தேதி, கடைசியில் பார்க் டிக்கெட். செவ்வாய் இறங்கி, புதன் பார்க், வியாழன் கப்பல், ஞாயிறு காலை கரை, அன்றிரவு விமானம். பார்க்கைக் கப்பலுக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு: விமானம் சொதப்பினால் போவது பார்க் நாள் மட்டும், கப்பல் யாருக்காகவும் நிற்காது. கப்பலேறும் நாளிலேயே பார்க் போவது வீண் ரிஸ்க்.

3. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் விசா. கப்பல் மலேசியாவின் பினாங்கு போய்த் திரும்பினால், நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள் என்று கணக்கு. ஆகவே பலமுறை நுழையும் விசா வேண்டும். ஏஜென்ட்டிடம் விண்ணப்பிக்கும்போதே கப்பல் டிக்கெட்டையும் கொடுங்கள். வந்த விசாவில் 'மல்டிபிள்' என்று இருக்கிறதா என ஒவ்வொருவருடையதையும் பாருங்கள்.

சிங்கப்பூருக்குள் நுழையுமுன் ஆன்லைனில் போடும் எஸ்ஜி அரைவல் கார்டும் இரண்டு முறை. வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் போட முடியும். ஞாயிறு திரும்புகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் திறக்கும், அப்போது நீங்கள் கடலில். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது ரோமிங்கில் போட்டுவிடுங்கள். அரசுத் தளத்தில் இது இலவசம், காசு கேட்டால் அது வேறு தளம்.

கப்பல் தொடும் நாடுகளின் விசா விதி அடிக்கடி மாறும். கரை இறங்காதவர்களிடமும் விசா கேட்கக்கூடும் என்பதால், பணம் கட்டுமுன் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. பார்க் நாள். ஹார்பர்ஃப்ரன்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம், மேலே விவோசிட்டி மாலின் மூன்றாம் மாடி, அங்கிருந்து பார்க் இருக்கும் சென்டோசா தீவுக்குச் சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயில். வீட்டிலேயே செருப்பில்லாமல் பிள்ளைகளின் உயரத்தை அளந்துவிடுங்கள். ரைடுகளில் ஏறக் குறைந்தபட்ச உயரம் உண்டு: டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செ.மீ., ஜுராசிக் பார்க் படகுக்கு 107, மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. வரிசையில் நின்றபின் திருப்பி அனுப்பினால் அழுகைதான். மின்னல் வந்தால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அவற்றைக் காலையில் முடித்து, கூரைக்குள் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர்ஸையும் மம்மியையும் மதியத்துக்கு வையுங்கள். படகில் நனைவது நிச்சயம், மாற்றுச் சட்டை அவசியம். மே மாத வார நாளில், நீண்ட வரிசையைத் தவிர்க்கத் தனிக்காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் தண்டச்செலவு.

5. கப்பலேற்றம். ஹார்பர்ஃப்ரன்டிலும் ஒரு க்ரூஸ் சென்டர் (கப்பலேறும் முனையம்) உண்டு. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் மெரினா பே க்ரூஸ் சென்டரில்தான் நிற்கும், எம்ஆர்டி நிலையம் மெரினா சவுத் பியர். டாக்ஸிக்காரரிடம் முழுப் பெயரைச் சொல்லுங்கள். பெரிய பெட்டி உங்கள் அறைக்கு வரச் சாயங்காலமாகும். பாஸ்போர்ட், மாத்திரை, நீச்சல் உடை கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதியில்லை.

தாத்தாவின் பன்னீர்ப் புகையிலையைத் திருச்சியிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை.