பஃபர் மீனுக்கு உடம்பு சரியில்லையா? மருந்துக்கு ஓடும் முன்

எங்கள் தொட்டியில் இருந்த குட்டிப் பஃபர் ஒன்று ஒருநாள் காலை தீனிக்கு வரவில்லை. வழக்கமாக நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டாலே கண்ணாடிப் பக்கம் வந்துவிடும். ஒரு கண் என்னைப் பார்க்கும், இன்னொரு கண் என் கையில் இருக்கும் கிண்ணத்தைப் பார்க்கும். அன்று ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குப் பின்னால், வாலை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு கிடந்தது. நிறம் கறுத்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தலை மட்டும் அகலமாக, பின்னால் உடம்பு ஒடுங்கித் தெரிந்தது. பதறிப்போய்க் கல் உப்பு ஒரு பிடி போட்டேன், நீல மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன், சாயங்காலம் தண்ணீர் மொத்தத்தையும் மாற்றினேன். மூன்றாம் நாள் அது செத்துப் போயிற்று. அதற்கு இருந்தது குடல் புழு என்று பிறகுதான் புரிந்தது. நான் செய்த மூன்றில் ஒன்றுகூட அந்தப் புழுவைத் தொட்டிருக்காது. நோயில் இளைத்திருந்த மீனுக்கு அது மேலும் பாரமாகத்தான் போயிருக்கும்.

அதன்பிறகு பஃபர் வளர்க்கும் பலரோடு பேசியிருக்கிறேன். எல்லாரும் ஏறக்குறைய இதே தவறுகளைத்தான் சொன்னார்கள்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்தப் பஃபர்? நம் கடலோர ஊர்களில் பேத்தை என்று சொல்கிறார்களே, அந்தக் குடும்பம்தான் இது. வீட்டுத் தொட்டிக்கு வருபவற்றில் இரண்டு வகை அதிகம். ஒன்று பீ பஃபர். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் கேரள, தென் கர்நாடக ஆறுகளில் மட்டும்தான் இது இயற்கையாக வாழ்கிறது. ஹோரா, நாயர் என்ற இருவர் 1941-ல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். கரினோடெட்ராடான் திருவாங்கூரிகஸ் என்ற பெயரிலேயே பழைய திருவாங்கூர் இருக்கிறது. முழுதாக வளர்ந்தாலும் சுமார் 3 சென்டிமீட்டர்தான். கடைக்கு வருபவற்றில் பல ஆற்றில் பிடித்தவை. அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலிலும் இது இருக்கிறது. அதனால்தான் ஒரு பீ பஃபர் என் கவனக்குறைவால் செத்தால் எனக்கு மனசு கூடுதலாக வலிக்கிறது.

இன்னொன்று பச்சை உடம்பில் கரும்புள்ளிகள் உள்ள கிரீன் ஸ்பாட்டட் பஃபர். விரல் நுனி அளவில் வாங்கி வருவோம், ஆனால் 15 சென்டிமீட்டர் வரை வளரும். கழிமுகத்து மீன். குட்டியாக இருக்கும்போது நல்ல தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும். வளர வளர உவர் நீர் இல்லையென்றால் நலிந்துகொண்டே போகும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் உப்பைக் கையில் எடுப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. பீ பஃபர் வாழ்நாள் முழுக்க நல்ல தண்ணீர் மீன், அதற்கு உவர் நீர் வேண்டியதில்லை. கிரீன் ஸ்பாட்டட் பஃபருக்கு உப்பு வேண்டும், ஆனால் சமையலறை உப்பு உதவாது. கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவையை வாங்கி, அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பார்த்து, வாரத்துக்கு 0.002 என்ற கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும். ஒரே நாளில் ஏற்றினால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவே தாங்காது.

தண்ணீரைப் பார்க்காமல் மீனைப் பார்ப்பது

மீன் சோர்ந்திருந்தால் நான் இப்போது முதலில் எடுப்பது டெஸ்ட் கிட். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பஃபர் சுத்தமாகச் சாப்பிடும் மீன் அல்ல. பிய்த்து, துப்பி, பாதியைக் கீழே விட்டுவிடும். அந்த மிச்சம் அழுகி அமோனியா ஆகும். அதில் பி.எச். அளவும் சேர்ந்துகொள்கிறது. தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும், அவற்றில் ஒன்றுதான் கடும் நஞ்சு. தண்ணீர் 25 டிகிரியில் இருக்கும்போது பி.எச். 7 என்றால் அந்த நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பி.எச். 8 ஆனால் நூற்றில் ஐந்து பங்கைத் தாண்டிவிடும். அதாவது கிட் காட்டும் எண் ஒன்றாகவே இருந்தாலும், மீன் படும் பாடு ஏறக்குறைய பத்து மடங்கு. நம் ஊர் போர் தண்ணீரில் பி.எச். 8-ஐ ஒட்டி இருப்பது சகஜம் என்பதால் இதை மறக்கக் கூடாது.

அமோனியா தெரிந்தால் உடனே தண்ணீர் மாற்ற வேண்டும், ஆனால் மொத்தமாக அல்ல. மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள், மறுநாள் அளந்து பார்த்துத் தேவையானால் திரும்பவும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் வெப்பம் தொட்டியின் வெப்பத்தோடு ஒத்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் கட்டாயம். ஒருநாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன் அப்படிப் போகாது.

அப்புறம், அந்தப் பதற்றத்தில் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கொண்டுபோய்ப் பிழிய வேண்டாம். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியிருப்பதே அதில்தான். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும்.

செதில் இல்லாத உடம்பு

பஃபருக்கு மற்ற மீன்களைப் போல மூடிக் காக்கும் செதில் கிடையாது. அதனால் தண்ணீரில் கலக்கும் எதுவும் அதை நேராகத் தாக்கும். பாட்டிலில் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் செதில் உள்ள மீன்களை மனதில் வைத்து எழுதியது. தாமிரம் கலந்த மருந்தைப் பஃபர் தொட்டிப் பக்கமே கொண்டுபோக மாட்டேன். அது நத்தைகளையும் கொன்றுவிடும். ஃபார்மலின், மாலகைட் கிரீன் உள்ளவற்றையும் வேறு வழியே இல்லை என்றால்தான், அதுவும் பாதி அளவில் தொடங்கிப் பார்க்கலாம். மெத்திலீன் புளூ ஃபில்டர் பாக்டீரியாவைக் கெடுக்கும் என்பதால் பிரதான தொட்டியில் ஊற்றாமல் தனி டப்பில் வைத்துக்கொள்வது நல்லது. எந்த மருந்து கொடுத்தாலும் ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது மருந்தை உறிஞ்சிவிடும்.

உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்தால் அது இக் என்ற ஒட்டுண்ணி நோய். தோலுக்குள் புதைந்திருக்கும்போது மருந்து அந்த ஒட்டுண்ணியை எட்டாது. வெளியே வந்து பெருகி, குஞ்சுகள் நீந்தும் நேரத்தில்தான் அவற்றைக் கொல்ல முடியும். புள்ளி மறைந்தவுடன் சிகிச்சையை நிறுத்துகிறவர்களுக்கு அடுத்த வாரமே அது திரும்ப வருவது இதனால்தான். ஹீட்டரை மெதுவாக 30 டிகிரி வரை ஏற்றுவது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப்பைக் கூட்டி வைக்க வேண்டும்.

ஒட்டிய வயிறு

நான் இழந்த மீனுக்கு வந்தது இதுதான். ஆற்றில் பிடித்து வரும் பீ பஃபர்களில் குடல் புழுக்கள் மிகச் சாதாரணம். நன்றாகத்தான் சாப்பிடும், ஆனாலும் வயிறு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சில சமயம் வாயில் வாங்கித் துப்பும். கழிவு வெள்ளையாக நூல் போலத் தொங்கும். ஆசன வாயிலிருந்து சிவப்பு இழை எட்டிப் பார்த்தால் அது கமலானஸ் என்ற உருண்டைப் புழுவாக இருக்கலாம்.

இதில் நடக்கும் தவறு, எல்லா வயிற்றுக் கோளாறுக்கும் ஒரே மருந்து என்று நினைப்பது. உருண்டைப் புழுவுக்கு லெவமிசோல், நாடாப் புழுவுக்குப் பிராசிகுவாண்டெல், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளுக்கு மெட்ரோனிடசோல். லெவமிசோல் ஆடு மாடுகளுக்குப் புழு நீக்கக் கொடுப்பதுதான். மீனுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம். 40 லிட்டர் தொட்டிக்கு 80 மில்லிகிராம். அதன்பின் அடியில் உறிஞ்சி எடுத்துப் பாதித் தண்ணீரை மாற்றி, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். புழு விழுந்தாலும் முட்டை மிஞ்சியிருக்கும். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். கால்நடைக்கு விற்கும் பல பாட்டில்களில் லெவமிசோலோடு ஆக்சிகுளோசனைடு என்ற வேறொரு மருந்தும் கலந்திருக்கும், அது நமக்கு வேண்டாம். மெட்ரோனிடசோலைக் கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது.

ஒன்று மட்டும் மெலிந்து மற்றவை கொழுகொழுவென்று இருந்தால், புழுவுக்கு முன் வேறொன்றையும் பாருங்கள். பீ பஃபர் ஆண்கள் சண்டைக்காரர்கள். வயிற்றின் நடுவில் கருங்கோடும் கண்ணுக்குப் பின்னால் சுருக்கம் போன்ற வரிகளும் இருந்தால் ஆண். அது துரத்தித் துரத்தி இன்னொன்றைத் தின்னவிடாமல் செய்யும். அடிவாங்கிய மீனுக்கு மருந்து தேவையில்லை, தனி இடமும் ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் செடியும் போதும்.

மெலிந்த மீனை உலர் தீனிக்குப் பழக்குகிறேன் என்று பட்டினி போடாதீர்கள். அது உடம்பு தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். உறைந்த பிளட்வோர்ம் என்ற சிவப்புப் புழு, அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா என்ற பொடி இறால், சிறு நத்தை என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாக்கடை ஓரத்தில் அள்ளும் டியூபிஃபெக்ஸ் புழு மலிவு, ஆனால் நோய் அதோடு கூடவே வரும். கொசுப்புழு நல்ல தீனிதான், அதற்காக மொட்டை மாடியில் தண்ணீர் தேக்கி வைக்க வேண்டாம், டெங்கு வரும்.

தீனியை நோக்கி ஆவலாக வந்து, வாயைத் திறக்க முடியாமல் திரும்பும் மீனுக்கு நோயே இல்லாமல் இருக்கலாம். பஃபருக்கு நான்கு பற்கள் சேர்ந்து கிளி அலகு போல இருக்கும், வாழ்நாள் முழுக்க வளரும். ஓடு கடித்துத் தேய்க்காவிட்டால் வாயை அடைத்துவிடும். கிரீன் ஸ்பாட்டட் பஃபரில் இது அதிகம். கிராம்பு எண்ணெயில் மயக்கி வெட்டலாம் என்று சொல்வார்கள், செய்தும் இருக்கிறார்கள். மயக்கத்தின் அளவு கொஞ்சம் தப்பினாலும் மீன் எழுந்திருக்காது, அனுபவசாலி ஒருவர் கூட இல்லாமல் முயல வேண்டாம். நத்தை போடுவதே வழி. பீ பஃபருக்கு மட்டும் டிரம்பெட் நத்தை வேண்டாம், ஓடு அதன் பல்லுக்கு மிகக் கெட்டி.

வலையால் தூக்குவது

நோயாளி மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றும்போது கை தானாக வலைக்குப் போகும். பஃபர் பயந்தால் தண்ணீரை விழுங்கி உப்பும். தண்ணீருக்கு வெளியே பயந்தால் காற்றை விழுங்கும், அந்தக் காற்றை வெளியேற்ற அதற்குச் சிரமம். பந்து போல மேலே மிதந்து தவிக்கும். ஒரு டம்ளரைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து, மீனை அதற்குள் மெல்ல ஓட்டி, தண்ணீரோடு சேர்த்துத் தூக்குங்கள். காற்று ஏறிவிட்டால், ஈரக் கையால் தண்ணீருக்குள் பிடித்து, தலை மேலாகவும் வால் கீழாகவும் நிமிர்த்தி மிக மெதுவாக அசைத்தால் குமிழிகளாக வெளியேறும். குழந்தைகளுக்குக் காட்டுவதற்காக உப்ப வைப்பதை யாரும் செய்ய வேண்டாம், அது அந்த மீனுக்கு உயிர்ப் பயம்.

எல்லாம் செய்தும் மீன் இறந்துவிட்டால், பூனையோ நாயோ எட்டும் இடத்தில் வீசாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். பேத்தைக் குடும்பத்தின் நஞ்சு லேசானதல்ல.

இப்போது எங்கள் வீட்டில் 15 லிட்டர் டப் ஒன்று எப்போதும் தயாராக இருக்கிறது. அதற்கான சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் பிரதான தொட்டியிலேயே ஓடிக்கொண்டிருக்கும், தேவைப்படும் நாளில் பாக்டீரியாவோடு அப்படியே எடுத்து மாற்றிவிடலாம். புதிதாக வரும் பஃபர் முதல் நான்கு வாரம் அதில்தான். போன மழைக்காலத்தில் வந்த ஒன்றுக்கும் வயிறு ஒட்டித்தான் இருந்தது. தண்ணீரை அளந்தேன், இரண்டு நாள் கழிவைக் கவனித்தேன், பிறகுதான் லெவமிசோல் கொடுத்தேன். இரண்டாம் சுற்று முடிந்த வாரம், நான் நாற்காலியை இழுத்தபோது டப்பின் ஓரத்துக்கு வந்து நின்றது. கிள்ளிப் போட்ட குட்டி நத்தையைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று பாய்ந்து உறிஞ்சி எடுத்தது.