நோய் வந்த பிறகு அல்ல, வரும் முன்: சூடோமோனஸ், பேசில்லஸ் பயன்படுத்தும் முறை

செடி பாதி வாடிய பிறகு சூடோமோனஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை வாங்கி ஊற்றிவிட்டு, இதெல்லாம் சும்மா என்று சொல்பவர்கள் நிறைய. முற்றிய நோயை இது குணமாக்காது. நோய்ப் பூஞ்சை வந்து சேரும் முன்பே வேரில் இடம் பிடித்துவிட வேண்டும், இதன் பலமே அதுதான்.

சூடோமோனஸ் ஃபுளோரசன்ஸ் மண்ணில் உள்ள இரும்புச் சத்தைத் சிடரோஃபோர் என்ற, இரும்பைப் பிடிக்கும் தன் சேர்மங்களால் கவ்வி இழுத்துக்கொள்கிறது, பூஞ்சைக்குப் பற்றாக்குறை வருகிறது. அதோடு அதன் சில ரகங்கள் ஃபினசின் போன்ற நச்சுப்பொருட்களையும் சுரக்கும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு நன்மை செய்யும் பாக்டீரியா வேறு வழியில் போகிறது: அது சுரக்கும் இட்டூரின், ஃபெஞ்சிசின் என்ற சேர்மங்கள் பூஞ்சையின் செல் சவ்வையே ஓட்டை போடும், சர்ஃபாக்டின் என்ற இன்னொரு சேர்மம் அது வேரில் படலமாக ஒட்டிக்கொள்ள உதவுவதோடு செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்பும். இந்தச் சேர்மங்கள் பாக்டீரியா வளர்ந்த திரவத்திலேயே இருப்பதால், அந்தத் திரவத்தோடு வரும் தயாரிப்புகள் இலையில் பட்டதுமே ஓரளவு வேலை செய்யும். ஆனால் வெயிலும் மழையும் அதைச் சீக்கிரம் தீர்த்துவிடும். நீண்ட காவலுக்கு உயிருள்ள பாக்டீரியா வேரில் இருந்தே ஆக வேண்டும்.

சரி, செய்முறை. என்னைக் கேட்டால் விதை நேர்த்திதான் குறைந்த செலவில் அதிக பலன் தருவது. பாக்டீரியாவை டால்க் தூளில் கலந்து விற்கும் தயாரிப்பு என்றால் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம், விதை லேசாக ஈரமாகும் அளவு தண்ணீர் தெளித்துப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதைத்துவிடுங்கள். நாற்று நடுவதாக இருந்தால் வேரை அந்தத் தூள் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் நனைத்து நடலாம். மண்ணில் இட, ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது தூவுங்கள். காய்ந்த மண்ணில் போட்டால் வீண்தான். நாற்றழுகல், வேரழுகல் மாதிரி மண்வழி நோய்களுக்கு இந்த மூன்று வழியும் பொருந்தும். இலைப்புள்ளி, சாம்பல் நோய்க்கு மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள், அளவு லேபிளில் உள்ளபடி.

பலர் கோட்டை விடுவது கலப்பில். காப்பர் மருந்து பாக்டீரியாவைக் கொல்வது, எனவே அதோடு ஒரே டேங்கில் சேர்க்கவே கூடாது, நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பேசில்லஸ் வித்து (கடினமான உறையோடு உறங்கும் செல்) உருவாக்குவதால் வெப்பத்தைத் தாங்கும், நீண்ட நாளும் இருக்கும், சூடோமோனஸுக்கு அந்த வசதி இல்லை, சில மாதங்களிலேயே எண்ணிக்கை சரிந்துவிடும், அதனால் வெயில் படாத குளிர்ந்த இடம் கட்டாயம்.

அப்புறம், வெல்லம் கரைத்த டிரம்மில் இந்த பாக்டீரியாவைப் போட்டுப் பெருக்கும் பழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூடாத டிரம்மில் வேறு எது வேண்டுமானாலும் அதைவிட வேகமாக வளரும், கடைசியில் எதை ஊற்றுகிறோம் என்றே தெரியாது. புதிய பாக்கெட் வாங்கிக்கொள்வதே மேல்.